ஐந்து மணிக்கு வந்தவருக்கும் முழுப் பேர்



தோட்டத்தில் பிறந்து வளர்ந்த உங்களுக்குப் 'பேர்' என்ற சொல்லை நான் விளக்கத் தேவையில்லை. விடியும் முன்னே பிரட்டுக்களத்தில் போய் நின்றால்தான் பேர், அந்த நாளின் கூலி. கொழுந்து நிறை குறைந்தால் அரைப் பேர். பிந்திப் போனால் அதுவும் இல்லை, வீட்டுக்குத் திரும்ப வேண்டியதுதான். அரைப் பேர் விழுந்த நாளின் இரவுச் சோறு எப்படித் தொண்டையில் சிக்கும் என்பது உங்களில் பலருக்குத் தெரியும். இப்போது மஹியாவையில் குடியிருந்து மாநகரசபை வேலைக்குப் போகிறவர்களும், கண்டிக் கடைகளில் நிற்கிற பிள்ளைகளும்கூட, தாத்தா பாட்டி வாயால் இந்தச் சொல்லைக் கேட்டிருப்பீர்கள்.

இன்று வாசித்த நற்செய்தியிலும் ஒரு தோட்டம் வருகிறது. அது திராட்சைத் தோட்டம். அதன் உரிமையாளர் விடியற்காலையில் ஆள் எடுக்கிறார். ஒன்பது மணிக்கும், உச்சிவேளையிலும், மூன்று மணிக்கும் போய் எடுக்கிறார். பொழுது சாயப்போகிற ஐந்து மணிக்கும் சந்தைவெளிக்குப் போய், இன்னும் நிற்கிறவர்களைப் பார்த்து, நீங்களும் வாருங்கள் என்கிறார். கூலி கொடுக்கும் நேரம் வந்ததும் அந்த ஐந்து மணிக்காரர் கையிலும் ஒரு முழு தெனாரியத்தை வைக்கிறார். நம் பேச்சில் சொன்னால், ஒரு மணி நேரம் வேலை செய்தவருக்கு முழுப் பேர் போடுகிறார்.

இந்த உவமையை நான் பலமுறை வாசித்திருக்கிறேன், பலமுறை பிரசங்கமும் செய்திருக்கிறேன். ஆனால் இந்த வாரம் அதை வாசித்தபோது என் காதில் ஒரு மனிதரின் இருமல் கேட்டுக்கொண்டே இருந்தது.

போன மழைக்காலத்தில் கலஹா வீதிக்கு மேலே உள்ள ஒரு லயத்துக்கு நோயாளருக்கு நற்கருணை கொண்டுபோனேன். அவர் இஸ்தோப்பில் பலகை வாங்கில் உட்கார்ந்திருந்தார். இரண்டு உள்ளங்கைகளையும் முழங்காலில் ஊன்றி, முன்னால் குனிந்து, சூடான தேத்தண்ணியை ஊதுகிறவரைப் போல உதட்டைக் குவித்து மூச்சை வெளியே விட்டுக்கொண்டிருந்தார். முப்பது வருடம் கவ்வாத்துக் கத்தி பிடித்த கை அது. இப்போது பீலியிலிருந்து வீட்டு வாசலுக்கு ஏற இருபத்திரண்டு படி என்றும், அதற்குள் மூன்று இடத்தில் நிற்க வேண்டும் என்றும் எண்ணி வைத்திருக்கிறார். நற்கருணை வாங்கிய பிறகு, பாதி குடித்து அணைத்த ஒரு சிகரெட் அவர் காதுக்குமேல் செருகியிருப்பதைக் கண்டேன். என் கண் போன இடம் அவருக்கும் தெரிந்துவிட்டது. மெல்ல அதை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு சொன்னார்: "இனிமே விட்டு என்னாங்க பாதர் ஆகப்போவுது? பொழுது சாஞ்சிருச்சு."

அன்று என்னிடம் பதில் இருக்கவில்லை. ஆசீர் கொடுத்துவிட்டு மழையில் இறங்கி வந்தேன். இன்று அவருக்கும், அவரைப் போல இந்தக் கோவிலில் உட்கார்ந்திருக்கிற உங்களில் சிலருக்கும் அந்தப் பதிலைச் சொல்ல விரும்புகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். புகைக்கிறவரைத் திட்டுவதற்காக நான் இந்தப் பீடத்தில் நிற்கவில்லை. இது எப்படித் தொடங்குகிறது என்பது எனக்குத் தெரியும். பதினைந்து பதினாறு வயதில், குட்செட் பஸ் நிலையத்தின் ஓரத்தில் கூட்டாளி ஒருவன் நீட்டுகிறான். அல்லது பனி மூடிய காலையில், குளிருக்கு ஒன்று என்று ஒரு பெரியவர் கொடுக்கிறார். அப்புறம் அது தானாக நடக்கிறது. புகையில் உள்ள நிக்கொட்டீன் சில வினாடிகளுக்குள் மூளைக்குப் போய்ச் சேர்கிறது. கொஞ்ச நேரம் மனசு இலேசாகிறது. அது வடிந்ததும் பதற்றம் வருகிறது, அடுத்ததைக் கை தேடுகிறது. வட்டிக்குக் கொடுக்கிறவனை நீங்கள் அறிவீர்கள். முதல் நாள் சிரித்துக்கொண்டே கொடுப்பான். பிறகு அவன் கடனை அடைக்க அவனிடமே கை நீட்ட வேண்டிவரும். சிகரெட் தருகிற ஆறுதலும் இதே கணக்குத்தான். அது உண்டாக்கிய பதற்றத்தை அதுவே கொஞ்ச நேரம் தணிக்கிறது. நாம் அதற்கு ஆறுதல் என்று பெயர் வைத்திருக்கிறோம்.

அந்த வட்டி என்ன என்று கேளுங்கள். புகையிலைப் புகையில் 7,000க்கும் மேற்பட்ட இரசாயனங்கள் உண்டு. அவற்றுள் 70 அளவில் புற்றுநோயை உண்டாக்கக் கூடியவை. நுரையீரலோடு அது நிற்பதில்லை. இருதயத்தை அடைக்கிறது, பாரிசவாதத்தைக் கொண்டுவருகிறது, சிலருக்குக் காலின் இரத்தக் குழாய்களைக் கெடுத்துக் காலையே எடுக்கவைக்கிறது. விடாமல் புகைக்கிறவர்களில் பாதிப்பேர் வரை அதனாலேயே இறக்கிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. உலகம் முழுவதும் ஆண்டுக்கு 70 இலட்சத்துக்கும் அதிகமானோரைப் புகையிலை கொண்டுபோகிறது. அவர்களில் 10 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் தாம் புகைக்காதவர்கள். பக்கத்தில் இருந்து புகையைச் சுவாசித்தவர்கள்.

அந்தப் பக்கத்தில் இருந்தவர் யார், சகோதரனே? குளிருக்காகக் கதவைச் சாத்திய சின்னக் காம்பராவில் உன்னோடு படுத்திருப்பது யார்? மலையெல்லாம் ஏறிக் கொழுந்து பறித்துவிட்டு வந்து அடுப்பை ஊதுகிற உன் மனைவி. இரவில் இழுப்பு வந்து எழுந்து உட்கார்ந்துகொள்கிற உன் பிள்ளை. அந்தப் பிள்ளையைக் கடைக்கு அனுப்பி, சில்லறையாக ஒன்று வாங்கி வா என்று சொன்னதில்லையா? 21 வயதுக்குக் குறைந்தவருக்கு விற்கக் கூடாது என்று 2006ஆம் ஆண்டே இந்த நாட்டில் சட்டம் வந்துவிட்டது. நம் மத்தியிலும் கடை வைத்திருக்கிறவர்கள் இருக்கிறீர்கள். பாடசாலைச் சீருடையில் வருகிற பிள்ளையின் கையில் அதை வைக்கும்போது, உங்கள் பிள்ளையின் முகம் நினைவுக்கு வருவதில்லையா? நாளுக்கு நான்கு குடிக்கிறவர் வருடத்துக்கு 1,460 குடிக்கிறார். அந்தப் பணத்தை ஒரு தடவை உட்கார்ந்து எண்ணிப் பாருங்கள். அதில் எத்தனை சோடி சப்பாத்து, எத்தனை கொப்பி, எத்தனை மாத டியூஷன்?

புகை விடுவதில்லை, வெற்றிலைதான் போடுகிறேன் என்று ஆறுதல் பட்டுக்கொள்கிற அம்மாமாரும் ஐயாமாரும் கொஞ்சம் கேளுங்கள். வாயில் அடக்குகிற புகையிலையும் அதே புகையிலைதான். பாக்கும்கூடத் தனியாகவே புற்றுநோயை உண்டாக்கும் என்று மருத்துவம் நிரூபித்திருக்கிறது. நம் நாட்டில் ஆண்களுக்கு அதிகமாக வருகிற புற்றுநோய் வாய்ப் புற்றுநோய். நம் மலைநாட்டு வீடுகள் அதை நன்றாக அறியும். வாயில் ஆறாத புண்ணோ, வெள்ளைத் திட்டோ இருந்தால், முன்போல வாயைத் திறக்க முடியாமல் இருந்தால், தயவுசெய்து பொறுத்திருக்காதீர்கள். இங்கிருந்து பஸ் ஏறினால் பேராதனையில் பல் வைத்தியசாலை இருக்கிறது. ஆரம்பத்தில் காட்டினால் குணப்படுத்தக் கூடிய எத்தனையோ வாய்கள், வெட்கத்தால் மூடியே இருந்து கடைசியில் திறக்க முடியாமல் போயிருக்கின்றன.

அன்பானவர்களே, புகைப்பது பாவமா பாதர் என்று சிலர் கேட்கிறீர்கள். கத்தோலிக்க திருச்சபையின் மறைக்கல்வி, 2290ஆம் எண்ணில், உணவு, மது, புகையிலை, மருந்து ஆகியவற்றில் அளவு மீறுவதை விலக்கும்படி அளவடக்கம் என்ற நற்பண்பு நம்மை நடத்துகிறது என்று கற்பிக்கிறது. திருத்தந்தை பிரான்சிஸ் 2018 முதல் வத்திக்கானில் சிகரெட் விற்பனையை நிறுத்தினார். மனிதரின் உடல்நலத்தைக் கெடுக்கும் ஒன்றில் வருமானம் வந்தாலும் திருப்பீடம் பங்காளியாக முடியாது என்பதே காரணம். திருச்சபையின் மனம் இதில் தெளிவாக இருக்கிறது. ஆனால் ஒரு மேய்ப்பனாக நான் உங்களிடம் வேறு ஒரு கேள்வியைக் கேட்கிறேன். ஆண்டவர் உனக்குத் தந்த இந்த மூச்சை நீ நேசிக்கிறாயா? அவர் நேசிக்கிறார். உன்னைவிட அதிகமாக நேசிக்கிறார்.

நம் கண்டி மண்ணில் அந்த நேசத்தைக் கண்ணால் கண்டவர்கள் உண்டு. புனித யோசேவ் வாஸ் 1692இல் இந்தக் கண்டிக்கு வந்தார். ஒற்றன் என்று சந்தேகித்து அவரைச் சிறையில் வைத்தார்கள். சில ஆண்டுகள் கழித்து, 1697இல், இந்த நகரை அம்மை நோய் வாரிக்கொண்டு போனது. பயத்தில் நோயாளிகளைச் சொந்த உறவுகளே காட்டில் விட்டுவிட்டுப் போனார்கள். வாஸ் அடிகளார் அவர்களைத் தேடிப் போனார். குடில் போட்டுக் கொடுத்தார், கழுவினார், சோறு ஊட்டினார், இறந்தவர்களை அடக்கம் செய்தார். நீ ஏன் நோயாளி ஆனாய் என்று அவர் ஒருவரையும் கேட்கவில்லை. 1711 ஜனவரி 16இல் இதே கண்டியில்தான் அவர் கண்மூடினார். 2015இல் காலிமுகத்திடலில் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்த நாளில், உங்களில் சிலர் முதல் நாளே பஸ் பிடித்துப் போய் நின்றீர்கள். அந்தப் புனிதர் நடந்த வீதிகளில் நடக்கிற நாம், இருமுகிற ஒருவரைப் பார்த்து, தானாகத் தேடிக்கொண்டது என்று சொல்லலாமா?

அந்தத் திராட்சைத் தோட்ட உவமைக்கு இன்னொரு பாதி உண்டு. காலையிலேயே வந்தவர்கள் முணுமுணுத்தார்கள். வெயிலில் வெந்தவர்கள் நாங்கள், கடைசியில் வந்தவர்களுக்கும் அதே கூலியா என்றார்கள். ஒருநாளும் புகையைத் தொடாத நாம் அந்தக் காலைக்காரர்கள். விட முயன்று மூன்றாம் நாள் தோற்றுப்போன கணவனைப் பார்த்து, உனக்கு இது எங்கே முடியப்போகிறது என்று சொல்லும்போது, நாமும் அந்த முணுமுணுப்பில் சேர்ந்துகொள்கிறோம். அன்புச் சகோதரியே, நீ பட்ட கஷ்டம் எனக்குத் தெரியும். உன் கோபத்தில் நியாயம் இருக்கிறது. ஆனாலும் அந்த முதல் வாரத்தில் அவருக்குத் தேவை ஒரு நல்ல வார்த்தையும் கையில் ஒரு கோப்பைத் தண்ணீரும்தான்.

இப்போது 'பொழுது சாஞ்சிருச்சு' என்ற அந்த வார்த்தைக்கு வருகிறேன்.

ரிச்சர்ட் டோல் என்ற ஆங்கிலேய மருத்துவர் 1951இல் தொடங்கி, பிரித்தானிய மருத்துவர்களையே ஐம்பது ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஓர் ஆய்வின் முடிவு 2004இல் வந்தது. விடாமல் புகைத்தவர்கள் சராசரியாகப் பத்து ஆண்டுகளை இழந்தார்கள். ஆனால் அறுபது வயதில் விட்டவர்களுக்கு அதில் மூன்று ஆண்டுகள் திரும்பக் கிடைத்தன. ஐம்பதில் விட்டவர்களுக்கு ஆறு, நாற்பதில் விட்டவர்களுக்கு ஒன்பது. முப்பதில் விட்டவர்களுக்குக் கிட்டத்தட்டப் பத்தும் கிடைத்தன. பாருங்கள், உடல் நேரம் பார்த்துத்தான் கூலி கொடுக்கிறது. ஆனாலும் யாரையும் வெறுங்கையோடு திருப்பி அனுப்புவதில்லை. இளைஞனே, அதனால் உனக்குச் சொல்கிறேன், நீ காலையிலேயே வா. பெரியவரே, உங்களுக்குச் சொல்கிறேன், அறுபதிலும் வாசல் திறந்திருக்கிறது. உடல் மணி பார்க்கலாம். இரக்கம் மணி பார்ப்பதில்லை.

இன்று மாலை ஆறு மணிக்குக் கடைசியாக ஒன்றை அணைத்துவிட்டு, அதன்பின் தொடாமல் இருந்து பாருங்கள். நாளைக் காலை பிரட்டுக்களத்தில் நிற்கும்போது, உங்கள் இரத்தத்தில் கலந்திருந்த காபன் மொனொக்சைட்டு என்ற நச்சு வாயு வழமையான அளவுக்கு இறங்கியிருக்கும். ஒரு வருடத்தில், மாரடைப்பு வரக்கூடிய ஆபத்து தொடர்ந்து புகைக்கிறவருக்கு உள்ளதில் பாதியாகிவிடும். இருபது முப்பது வருடம் தாங்கிய உடம்பு, ஒரே இரவில் உங்களை மன்னிக்கத் தொடங்குகிறது. இப்படி ஓர் உடம்பைப் படைத்தவர் எவ்வளவு இரக்கமுள்ளவராக இருக்க வேண்டும்!

ஆனால் முதல் நாட்கள் கடினமானவை. அதை நான் மறைக்கப்போவதில்லை. இரண்டாம் மூன்றாம் நாளில் எரிச்சல் வரும், தூக்கம் வராது, சும்மா இருக்கிற பிள்ளை மீது கோபம் வரும். சிலருக்கு இருமல் முன்பைவிடக் கூடும். பயப்படாதீர்கள். புகையால் செயலிழந்திருந்த மூச்சுக்குழாயின் நுண்ணிய மயிர்கள் மறுபடி எழுந்து கூட்டித் துப்புரவாக்கத் தொடங்கியதால் வருகிற இருமல் அது. கவ்வாத்து வெட்டிய மலையைப் பார்த்திருக்கிறீர்கள் அல்லவா? பச்சை என்று சொல்ல ஓர் இலை இராது. குச்சி குச்சியாக, செத்துப்போன மலை போலக் கிடக்கும். புதிதாகப் பார்க்கிறவர் ஐயோ என்பார். ஆனால் வெட்டிய கைக்குத் தெரியும், சில வாரத்தில் அந்தக் கட்டையிலிருந்து சிவந்த துளிர் வரும் என்று. கனி தருகிற கிளையைத் தந்தை கழித்துவிடுகிறார் என்று யோவான் நற்செய்தியில் ஆண்டவர் சொன்னபோது, நம் மலையைப் பார்த்தே சொன்னது போல எனக்குத் தோன்றும்.

விட்டுவிட்டு மறுபடி தொட்டவர்களுக்கும் ஒரு வார்த்தை. தவக்காலம் நாற்பது நாளும் தொடாமல் இருந்து, பாஸ்கா ஞாயிறு பூசை முடிந்ததும் வாசலிலேயே பற்றவைக்கிறவர்கள் உண்டு. அவர்களைப் பார்த்து நான் வருந்துகிறேன், ஆனால் நம்பிக்கையும் கொள்கிறேன். நாற்பது நாள் முடிந்தவருக்கு நாற்பத்தோராம் நாள் முடியாதா? பேதுருவை நினையுங்கள். தலைமைக்குருவின் முற்றத்தில் கரிநெருப்பில் குளிர்காய்ந்துகொண்டுதான் அவர் மூன்று முறை மறுதலித்தார். உயிர்த்த ஆண்டவர் கடற்கரையில் அவருக்காகக் காத்திருந்தபோதும் அங்கே கரிநெருப்பு மூட்டியிருந்தது. அவர் விழுந்த நெருப்பின் அருகிலேயே அவரைத் தூக்கி நிறுத்தினார் ஆண்டவர். மூன்று முறை தவறியவரிடம் மூன்று முறை கேட்டார். நீ ஏழு முறை விட்டு ஏழு முறை தோற்றிருந்தால், எட்டாவது முறையும் அவர் கரையில்தான் நிற்கிறார்.

விட்டுக் காட்டிய ஒருவரையும் நினையுங்கள். வணக்கத்துக்குரிய மாட் டால்போட் டப்ளின் நகரில் கூலி வேலை செய்தவர். 1884இல், இருபத்தெட்டு வயதில், குடியை விட்டவர். பிறகு புகையையும் விட்டார். ஒருவர் கொஞ்சம் புகையிலை கேட்டபோது, தம்மிடம் இருந்த புகைக்குழாயையும் புகையிலையையும் அப்படியே கொடுத்துவிட்டு, அதன்பின் தொடவில்லை என்று அவர் வரலாறு சொல்கிறது. குடியை விடுவதைவிட இது கஷ்டமாக இருந்தது என்பாராம். நம்மைப் போல உழைத்துச் சாப்பிட்ட மனிதர் அவர். 1925இல் திருப்பலிக்குப் போகிற வழியில் விழுந்து இறந்தார்.

எப்படித் தொடங்குவது என்று கேட்பீர்கள். ஒரு நாளைக் குறியுங்கள். அதை மனைவியிடமும் ஒரு நண்பரிடமும் வாய்விட்டுச் சொல்லுங்கள். வீட்டிலுள்ள பெட்டியையும் லைட்டரையும் முதல் நாளே எறியுங்கள். வைத்தியசாலைக்குப் போய் டொக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். ஆசையைத் தணிக்க மருந்துகள் உண்டு, அவற்றை வாங்குவது வெட்கம் இல்லை. அந்த ஆசை வரும்போது அது மலைபோல வரும், ஆனால் பெரும்பாலும் சில நிமிடங்களில் இறங்கிவிடும். செபமாலையில் ஒரு பத்துமணி சொல்கிற நேரம். தீப்பெட்டி இருந்த பையில் செபமாலையை வையுங்கள். கை தேடிப் போகும்போது அன்னையின் கை அங்கே இருக்கட்டும்.

அன்பானவர்களே, போன வாரம் அந்த லயத்துக்கு மறுபடி போனேன். அதே வாங்கில், அதே மாதிரிக் குனிந்துதான் அவர் உட்கார்ந்திருந்தார். கெட்டுப்போன நுரையீரல் முழுதாகத் திரும்பாது. இனி மேலும் கெடுவதை மெதுவாக்கலாம், அவ்வளவுதான். ஆனால் காதுக்குமேல் ஒன்றும் இல்லை. மடியில் ஒரு கைக்குழந்தை இருந்தது. "எட்டு நாளாச்சுங்க பாதர்," என்றார். புகை வாசம் இருக்கிற வரைக்கும் பேத்தியைக் கையில் தரமாட்டேன் என்று மருமகள் சொல்லிவிட்டாளாம். நான் சொல்லத் தெரியாமல் திரும்பிய பதிலை அந்தக் குழந்தை சொல்லியிருக்கிறது. பிறகு மூச்சை எடுத்து, உதட்டைக் குவித்து விட்டு, என்னைப் பார்த்துக் கேட்டார்: "இவ்ளோ பிந்தி வந்தவனுக்கு ஆண்டவர் அரைப் பேராச்சும் போடுவாருங்களா?"

இன்றைய நற்செய்தியை நான் அவருக்கு அங்கேயே வாசித்துக் காட்டினேன். குழந்தை தூங்கிப்போயிருந்தது. அவர் அசையாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

ஆண்டவரே, எங்கள் மூச்சு உம்முடையது. எந்த மணிக்கு நாங்கள் வந்தாலும் எங்களைத் திருப்பி அனுப்பாதேயும். விட நினைக்கிறவர்களுக்குத் துணிவையும், விழுந்தவர்களுக்கு மறுபடி எழும் மனதையும், அவர்களோடு வாழ்கிறவர்களுக்குப் பொறுமையையும் தாரும். கண்டி மண்ணில் நோயாளிகளைத் தேடிப் போன புனித யோசேவ் வாஸ் எங்களுக்காக மன்றாடுவாராக. ஆமென்.